உருளி உடைந்த கதையும் வெண்கலத்தின் கணக்கும்

ஒரு ஓணத்துக்கு முந்தின நாள். பாயசம் வைக்க அம்மா பரணிலிருந்து உருளியை இறக்கினாள். ஆறு கிலோ வெண்கல உருளி, வாய் அகன்ற பாத்திரம், பாட்டி வீட்டிலிருந்து வந்தது. கை நழுவிச் சிமெண்ட் தரையில் ஒரு பக்கமாக விழுந்தது. கோயில் மணியை ஒரே ஒரு தடவை அடித்த மாதிரி நங்கென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மூன்று துண்டு.

எனக்கு அது விளங்கவே இல்லை. அலுமினியச் சட்டி விழுந்தால் சப்பிப்போகும். பித்தளைக் குடம் விழுந்தால் ஒடுங்கும். இது பீங்கான் மாதிரி உடைந்து கிடக்கிறது. ஒரு துண்டை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பார்த்தேன். மேல்தோல் பழுப்பு, உடைந்த வாய் மட்டும் சாம்பல் கலந்த வெள்ளை, கல்கண்டை உடைத்த மாதிரி பொடிப்பொடியாக மினுங்குகிறது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "ஓடு இல்லியா மக்கா, கீழ விழுந்தா ஒடையத்தான செய்யும்."

குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கூரையில் வேய்வதும் ஓடு; எங்கள் ஊர்களில் உருளியும் கிண்டியும் (மூக்கு வைத்த சொம்பு) வார்க்கும் வெண்கலமும் ஓடு. மலையாளத்திலும் அதே சொல்தான். ஓடு ஓடு மாதிரி உடைந்ததில் அக்காவுக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. ஆச்சரியப்பட்டவன், பள்ளிக்கூடத்தில் 'வெண்கலம் = செம்பு + வெள்ளீயம்' என்று மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கிய நான்.

அந்தச் சமன்பாட்டில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதை வைத்து ஒரு உருளி ஏன் உடைந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. எவ்வளவு வெள்ளீயம் என்ற கேள்வியை அது விட்டுவிடுகிறது. வெண்கலத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியே அது ஒன்றுதான் என்பேன். நூற்றுக்குப் பத்து என்றால் பீரங்கி, இருபத்திரண்டு என்றால் மணி, முப்பத்துமூன்று என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி. மூன்றுக்கும் பெயர் வெண்கலம்தான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் ஈயம் என்று பொதுவாகச் சொன்னால் இரண்டு உலோகங்கள் வந்து நிற்கும். ஒன்று வெள்ளீயம், ரசம் வைக்கும் ஈயச் சொம்பு அதில்தான் செய்வது, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் அதை வைத்துத்தான். மற்றது காரீயம். பழைய தண்ணீர்க் குழாய், வலைக்குக் கட்டும் குண்டு, வண்டி பேட்டரி எல்லாம் அது. உடம்புக்கு நஞ்சு. வெண்கலத்தில் சேர வேண்டியது வெள்ளீயம். பித்தளை என்பது வேறு. அது செம்பும் துத்தநாகமும். இந்த நான்கு பெயரையும் பிரித்து வைத்துக்கொண்டால் மீதிக் கதை சுலபம்.

ஏன் கலக்க வேண்டும்? செம்பே நல்ல உலோகம்தானே? நல்ல உலோகம்தான், ஆனால் மெத்தென்றது. கம்பியாக இழுக்கலாம், தகடாகத் தட்டலாம். கத்தி செய்தால் நாலு வெட்டில் முனை மழுங்கும். வார்ப்பதற்கோ இன்னும் மோசம். 1085 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால்தான் உருகும். உருகிய பிறகும் கூழ் மாதிரி மந்தமாக ஓடும், அச்சின் நுணுக்கமான மூலைக்குள் போகாது. காற்றையும் வாயுவையும் உள்ளிழுத்து, ஆறும்போது கொப்புளமாக விட்டுவிடும். சுத்தமான செம்பில் ஒரு நல்ல வார்ப்பு எடுப்பது இன்றைக்கும் கைதேர்ந்தவர்களுக்கே சிரமம்.

வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். அடுப்புத் தீ போதும். அதைச் செம்போடு பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் கலவை ஆயிரம் டிகிரியை ஒட்டியே முழுக்க நீராகிவிடுகிறது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் 900 டிகிரிக்குள்ளேயே. கரியும் துருத்தியும் வைத்திருந்த பழைய உலைக்கு இந்த இருநூறு டிகிரி சின்ன விஷயம் இல்லை. கலவை தண்ணீர் மாதிரி ஓடும், அச்சில் கீறிய முடி அளவு கோட்டையும் எடுத்துக்கொள்ளும், கொப்புளமும் குறையும்.

வார்ப்பு சுலபமாவது ஒரு பாதி. மறுபாதி, ஆறிய பிறகு வரும் கெட்டித்தன்மை. இரண்டு மெத்தென்ற உலோகங்கள் சேர்ந்து எப்படி ஒரு கடினமான உலோகம் ஆகும்? குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் ஷீட்டை அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த ஷீட்டுகளின் அடுக்கை ஒரு பக்கமாகத் தள்ளினால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் சாயும். செம்புக்குள் அணுக்கள் இப்படித்தான் தளம் தளமாக அடுக்கியிருக்கின்றன. நாம் செம்பை வளைக்கும்போது அந்தத் தளங்கள் வழுக்குகின்றன. இப்போது ஷீட்டுகளுக்கு இடையில் அங்கங்கே ஒரு புளியங்கொட்டையைப் போட்டு அடுக்குங்கள். தள்ளினால் நகராது, முட்டும். வெள்ளீய அணு செம்பு அணுவைவிடக் கணிசமாகப் பெரியது. செம்பு இருக்க வேண்டிய இடத்தில் அது போய் உட்காரும்போது சுற்றியிருக்கும் வரிசை பிதுங்கிக் கோணுகிறது, வழுக்கல் நின்றுபோகிறது. அவ்வளவுதான். கெட்டியாவது வெள்ளீயத்தின் பலத்தால் இல்லை, அது உண்டாக்கும் கோணலால்.

இதனால்தான் வெண்கலத்தை உலோகக் கலவை என்கிறோம், சேர்மம் என்று சொல்வதில்லை. தண்ணீர் என்றால் ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று. அதில் கூட்டவும் குறைக்கவும் முடியாது. வெண்கலத்துக்கு அப்படிக் கட்டாயம் கிடையாது. வார்ப்பவர் கை வைக்கிற அளவுதான். அதே சமயம் இது அரிசியும் பருப்பும் கலந்த மாதிரியான கலவையும் இல்லை, பொறுக்கிப் பிரிக்க முடியாது. சாயாவில் கரைந்த சீனி மாதிரி. ஒரே வித்தியாசம், இந்தச் சாயா கட்டியாக உறைந்த பிறகும் சீனி கரைந்தபடியே இருக்கிறது.

சாயாவில் சீனி ஒரு அளவுக்கு மேல் கரையாமல் அடியில் தங்கும் அல்லவா? என் உருளியின் கதை அங்கேதான் இருக்கிறது.

உருகி ஆறுகிற சாதாரண வேகத்தில், வெள்ளீயம் எட்டு பத்து சதவீதத்தைத் தாண்டும்போதே செம்புக்குள் முழுக்க அடங்குவதில்லை. மிஞ்சியது செம்போடு சேர்ந்து தனியாக ஒரு பொருளாகப் படிகிறது. டெல்டா என்று உலோகவியலில் அதற்குப் பெயர். நூற்றுக்கு ஏறக்குறைய 33 பங்கு வெள்ளீயம் உள்ள, வெள்ளி நிறத்தில், கண்ணாடி மாதிரிக் கடினமான, கண்ணாடி மாதிரியே நொறுங்கும் பொருள். பத்து சதவீத வெண்கலத்தில் இது அங்கங்கே பொட்டுப் பொட்டாக இருக்கும். தேய்மானத்தைத் தாங்க உதவும். இருபதைத் தாண்டினால் பொட்டுகள் ஒன்றோடொன்று கை கோத்து வலை மாதிரி ஆகிவிடும். விரிசல் அந்த வலையைப் பிடித்துக்கொண்டு ஓடும். நான் வாசலில் நின்று பார்த்த சாம்பல் மினுக்கம் அதுதான். அம்மா கையிலிருந்து நழுவியது பாதி உலோகம், பாதி பீங்கான்.

அப்படியானால் ஏன் அவ்வளவு வெள்ளீயம் போட்டார்கள்? சத்தத்துக்காகவும் வெண்மைக்காகவும். மெத்தென்ற உலோகத்தில் தட்டினால் அதிர்வை உலோகமே விழுங்கிவிடும். டெல்டா விழுங்காது, அதிர்வு நெடுநேரம் நிற்கும். கோயில் மணிக்கும் கடற்கரை ஊர்களின் தேவாலய மணிக்கும் 20 முதல் 22 சதவீதம் வைப்பது அதனால். சீர்காழி கோவிந்தராஜனின் குரலை வெண்கலக் குரல் என்று சொன்னவர்கள் பத்து சதவீதத்தை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள், இருபத்திரண்டைத்தான். நிறமும் அதே கணக்கு. பத்தில் பொன் கலந்த பழுப்பு, இருபதுக்கு மேல் வெளிர் மஞ்சள், முப்பதுக்கு மேல் வெள்ளி. வெண்மையான கலம் என்று பெயர் வைத்த தமிழ் எந்தக் கலவையைக் கண்டு வைத்தது என்பது இப்போது புரிகிறது. பாடப் புத்தகத்தின் பத்து சதவீத வெண்கலம் வெள்ளையே கிடையாது.

கடைசிப் படி, உலோகத்திலேயே செய்யும் கேரளத்து ஆறன்முளக் கண்ணாடி. பழைய திருவிதாங்கூருக்குள்தான் அந்த ஊரும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன குடும்பங்கள் கொண்டுபோன வித்தை என்று அங்கே சொல்வார்கள். அதில் வெள்ளீயம் ஏறக்குறைய 33 சதவீதம், அதாவது முழுக்க முழுக்க டெல்டா. மெருகேற்றினால் முகம் தெரியும், கை தவறினால் சில்லுச்சில்லாகும்.

எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை. 1741ல் குளச்சலில் டச்சுக்காரர்கள் தோற்றபோது பிடிபட்ட டிலனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியானது தெரிந்த கதை. அவர் கல்லறையும் அந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது. அதே கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலையும் இருந்தது. அந்தக் காலத்தில் பீரங்கிக்கு இரும்பும் உண்டு, வெண்கலமும் உண்டு. வார்ப்பிரும்பு மலிவு; ஆனால் குழாய் பொறுக்காவிட்டால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வெடித்துப் பக்கத்தில் நிற்பவரைக் கொல்லும். பத்து சதவீத வெண்கலம் வெடிப்பதற்கு முன் பிதுங்கிக் காட்டும். ஆள் தப்பலாம். அதற்காகத்தான் அவ்வளவு விலை கொடுத்தார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஐரோப்பாவில் ஊரைப் பிடித்த படைகள் தேவாலய மணிகளை உருக்கிப் பீரங்கி வார்த்தது உண்டு. மணியை அப்படியே உருக்கி வார்த்தால் முதல் வேட்டிலேயே பீரங்கி என் உருளி மாதிரி ஆகிவிடும். 100 கிலோ மணியில் 22 கிலோ வெள்ளீயம். அதைப் பத்து சதவீதத்துக்கு இறக்க வேண்டுமானால் மொத்தம் 220 கிலோ ஆக வேண்டும். அதாவது ஒரு மணிக்கு அதன் எடையைவிட அதிகமாக, 120 கிலோ செம்பு தேட வேண்டும்.

இன்னொரு வித்தையைச் சொல்லாமல் போனால் ஓட்டுப் பாத்திரம் செய்கிறவர்களுக்கு அநியாயம். 22 சதவீதக் கலவையை வார்த்து அப்படியே ஆறவிட்டால் நொறுங்கும் என்றேன். அதையே சுமார் 600 டிகிரிக்கு மேல், செக்கச்செவேல் என்று இருக்கும்போது தட்டினால், மாவு மாதிரி விரிந்து கொடுக்கும். விரித்து முடித்த கையோடு தண்ணீரில் முக்கிவிட வேண்டும். முக்கினால் டெல்டா படிய நேரம் கிடைப்பதில்லை; சூட்டில் இருந்த வேறொரு அமைப்பு அப்படியே உறைந்து நின்றுவிடும், பாத்திரம் உறுதியாக வரும். இரும்புக் கொல்லர் அரிவாளைத் தண்ணீரில் முக்குவது அதைக் கடினமாக்க. வெண்கலத்தில் முக்குவது நொறுங்காமல் காப்பாற்ற. நேர் எதிர். நம் ஊர்த் திருவிழாக்களில் சிங்காரி மேளத்தோடு இலைத்தாளம் என்ற ஜாலராவை ஓங்கி ஓங்கி அடிக்கிறார்களே, மணிக்குச் சமமான கலவையில் செய்த அது ஏன் உடைவதில்லை என்றால், செய்த விதம் அப்படி. எங்கள் உருளி தட்டிச் செய்தது இல்லை, வார்த்தது.

இந்தச் சரக்கெல்லாம் எங்கிருந்து வந்தது? குமரி மாவட்டத்து மண்ணில் செம்பும் இல்லை, வெள்ளீயமும் இல்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட் என்று கனத்த மணல் கொட்டிக் கிடக்கிறது. வெள்ளீயத்தின் தாதுவும் கனத்த மணலாக ஆற்றோரங்களில் படிவதுதான். ஆனால் அது படிந்தது நம் பக்கம் இல்லை. பர்மாவிலிருந்து தாய்லாந்து, மலேயா வழியாக இந்தோனேசியாவின் பாங்கா தீவு வரை நீளும் பட்டையில். இந்தியாவுக்குள் சொல்லும்படி கிடைப்பது சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் மட்டும். செம்புக்கு ராஜஸ்தானின் கேத்ரி, ஜார்க்கண்டின் சிங்பூம் என்று வடக்கே போக வேண்டும். ஆகவே இங்கே ஒரு கிண்டி இருந்தால், அதன் பின்னால் ஒரு கப்பலோ ஒரு நெடும்பாதையோ இருந்திருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, முசிறியில் இறங்கிய சரக்குகளில் செம்பையும் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் சொல்கிறது. அதே குறிப்பு கொஞ்சம் தெற்கே வந்து குமரியையும் சொல்கிறது, ஆணும் பெண்ணும் வந்து நீராடி நோன்பிருக்கும் இடம் என்று.

பாடப் புத்தகத்தோடு எனக்கு இன்னொரு பிணக்கும் உண்டு. கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்று படி வைத்துச் சொல்வது மேற்காசியாவுக்குப் பொருந்தும், சிந்துவெளிக்குப் பொருந்தும். நம் பக்கம் பொருந்தாது. தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரில் தாழிகளோடு இரும்பு ஆயுதமும் கிடைக்கிறது, வெண்கலக் கலமும் கிடைக்கிறது. அந்தக் கலங்களில் சிலவற்றில் வெள்ளீயம் 22, 23 சதவீதம் வரை இருப்பது சோதனையில் தெரிந்தது. வெட்டுவதற்கு இரும்பு கையில் இருந்தது; அதனால் வெண்கலம் வாளாக வேண்டிய கட்டாயம் இல்லாமல் கலமாகவும் விளக்காகவும் மணியாகவும் வளர்ந்தது. மெலிதாகத் தட்டி எடுத்த அந்தக் கிண்ணங்களைப் பார்த்தால், அன்றைக்கே யாரோ ஒருவருக்குத் தண்ணீரில் முக்கும் வித்தை தெரிந்திருக்கிறது.

இன்றைய கடைத்தெருவுக்கு வந்தால் கதை கசப்பாகிவிடும். நண்பர் வீட்டுப் பால் காய்ச்சுக்கு நாகர்கோவிலில் ஒரு நிலவிளக்கு வாங்கினேன். கடையில் வெண்கலம் என்றார்கள், ரசீதிலும் வெண்கலம். விரல் முட்டியால் தட்டினால் டொக்கென்று அடங்குகிறது. எலுமிச்சை மஞ்சள் நிறம். பித்தளை. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "இப்ப எல்லாம் இதத்தான் சார் வெண்கலம்னு சொல்லுது" என்று பதில். வெண்கலப் பூட்டை உடைத்து விளக்குமாறு திருடியவன் கதை கேட்டிருக்கிறேன். இங்கே பூட்டும் வெண்கலம் இல்லை.

காரணம் விலை. சந்தையில் வெள்ளீயம் செம்பைப் போல மூன்று நான்கு மடங்கு அளவுக்கு விற்கிறது. துத்தநாகம் செம்பில் மூன்றிலோ நான்கிலோ ஒரு பங்கு அளவுக்கு. பத்துக் கிலோ ஓட்டில் 2 கிலோ 200 கிராம் வெள்ளீயம் போக வேண்டிய இடத்தில் துத்தநாகத்தைப் போட்டால் எவ்வளவு மிஞ்சும் என்று போட்டுப் பாருங்கள். எடை போட்டுப் பிரித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், இரண்டின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றுதான். காதை நம்பலாம். விளிம்பைத் தூக்கிப் பிடித்துத் தட்டினால் நல்ல ஓடு நின்று பாடும், பித்தளை சீக்கிரம் அடங்கும். உருக்கும் இடத்தில் இன்னும் எளிது. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். பித்தளையை உருக்கினால் மூசையிலிருந்து (உருக்கும் கலத்திலிருந்து) வெள்ளைப் புகை கிளம்பும்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் கொடுத்த வெண்கலப் பதக்கம் 95 சதவீதம் செம்பு, 5 சதவீதம் துத்தநாகம், கணக்குப்படி பித்தளை. சின்னமுட்டத்திலும் முட்டத்திலும் விசைப்படகுக்கு மாட்டுகிற விசிறியில் 'மாங்கனீஸ் வெண்கலம்' என்று ஒரு வகை உண்டு. அதில் துத்தநாகம்தான் நாற்பதை ஒட்டி இருக்கும், வெள்ளீயம் பேருக்கு. கடல் தண்ணீர் அதிலிருக்கும் துத்தநாகத்தை மெல்லத் தின்றுவிட்டுச் செம்பை மட்டும் பஞ்சு மாதிரி விட்டுவைக்கும். பளபளப்பு போய்ச் செம்பட்டை விழுந்தால் விசிறியை மாற்ற வேண்டிய காலம். மெய்யான வெண்கலத்துக்கு இந்த நோய் கிடையாது. அதற்கு வேறு நோய் உண்டு: உப்பு உள்ளே இறங்கிவிட்டால், ஈரக்காற்று படும்போதெல்லாம் வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்துகொண்டே இருக்கும். கடற்கரை வீடுகளில் மூலையில் போட்ட பழைய விளக்குகளில் பார்க்கலாம். துடைத்துக் காயவைத்துப் புழங்கினால் வராது, மறந்துபோனால் வரும்.

உடைந்த மூன்று துண்டையும் சாக்கில் கட்டி ஒரு வார்ப்புப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெரியவர் ஒருவர் துண்டை வாங்கி, உடைந்த வாயைச் சாய்த்துப் பார்த்தார், கட்டை விரலால் தடவினார். "இது மணிக்கு ஆகும் தம்பி. அடுப்புல ஏத்தி எறக்குற உருளிக்கு இவ்வளவு வேண்டாம். அறுநூறு செம்பு சேத்துக்கிடுவோம்" என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஆறு கிலோவில் 22 சதவீதம் என்றால் வெள்ளீயம் ஒரு கிலோ 320 கிராம். செம்பு 600 கிராம் சேர்த்து 6.6 கிலோ ஆனால் சரியாக 20 சதவீதம். தாளும் இல்லை, தராசும் இல்லை, ஒரு விரல்தான்.

வார்க்கிற அன்று போயிருந்தேன். செம்பை முதலில் உருக்கினார், பிறகு உருளித் துண்டுகள். கடைசியில் விரல் தண்டி வெள்ளீயக் கட்டி ஒன்று. "உருக்குறதுல கொஞ்சம் எரிஞ்சு போவும், அதுக்கு ஈடு" என்றார். முதலிலேயே வெள்ளீயத்தைப் போட்டுச் சுடவைத்தால் அது காற்றோடு சேர்ந்து வெண்பொடியாகி மேலே ஏடு கட்டும்; அதனால்தான் கடைசியில் போடுவது. மேலே கரித்தூளைத் தூவி மூடியதும் காற்றுப் படாமல் இருக்கத்தான்.

புது உருளியில் இரண்டு ஓணப் பாயசம் ஆகிவிட்டது. பழைய சத்தம் இதற்கு வரவில்லை என்று அம்மா இன்னமும் சொல்கிறாள், அகப்பையால் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிக் காட்டி. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இரண்டு சதவீதம் குறைந்திருக்கிறது என்பது உண்மை.